பார்ன் தீவின் முனிவர்

தோற்றுவாய்

விடுமுறை நாட்களிற் கடற்கரையூர்களுக்குச் செல்வோர் படகேறிச் சிறிது தொலைவு கடலுட் சென்று மீள்வது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. ஆயின், இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில், நார்தம்பர்லாந்துப் பகுதியிலுள்ள சீஹவுசஸ் என்னும் சிறு துறைமுகத்தினின்று புறப்படும் படகுகள் ஏனைய உல்லாசப் படகுகளைப் போன்றன அல்ல. அவற்றில் ஏறுவோருட் பெரும்பாலோர் பறவைகளைக் காண்பதற்கென்றே ஏறுகின்றனர். கரைக்கு அப்பாற் சில மைல் தொலைவு வரை பார்ன் தீவுகள் என்னும் கரும்பாறைத் திட்டுக்கள் சிதறிக் கிடக்கின்றன. கடல்நீர் வற்றுங்கால் அவை ஏறக்குறைய 28 என எண்ணப்படும். நீர் பெருகுங்கால் அவற்றுட் பல மூழ்கி மறையும்.

மே, ஜூன், ஜூலைத் திங்கள்களில் அத்தீவுகள் பறவைகளின் பேரூராய் விளங்குகின்றன. படகோட்டிகள் பாறையோரமாகப் படகை மெல்லச் செலுத்தி, இது இன்ன புள், அஃது இன்ன புள் எனச் சுட்டிக் காட்டுவர். கருமுதுகும் வெண்மார்பும் பன்னிற அலகும் உடைய பப்பின் என்னும் பறவை மண்ணில் வளை குடைந்து வாழும். கில்லிமாட் என்பது கூடொன்றும் கட்டாது செங்குத்தான பாறை விளிம்பிலேயே முட்டையிடும். ஆர்க்டிக் ஆலா என்பது தரையில் முட்டையிட்டு, தன் குஞ்சுகளை அணுகுவோரின் தலையைக் குறிபார்த்துப் பாய்ந்து கொத்தும். ஆதலின் தீவில் இறங்குவோர் தொப்பியணிந்தே இறங்குகின்றனர். இச்சிறு புள் ஆண்டுதோறும் உலகின் தென்கோடி வரை பறந்து மீள்வது. பார்ன் தீவினின்று சென்ற ஆலா ஒன்றன் காலில் நுண்கருவியொன்று பூட்டி அளந்தபோது, 2015-ஆம் ஆண்டுக் கோடையினின்று மறு ஆண்டு வசந்தம் வரை அது ஏறக்குறைய 96,000 கிலோமீட்டர் பறந்தமை தெரிந்தது.

இத்தனை ஆரவாரத்துக்கிடையே, மக்கள் நடக்கும் பாதையோரத்திலேயே, பழுப்பு நிற வாத்து ஒன்று அசையாது அடைகாத்துக் கொண்டிருக்கும். ஈடர் வாத்து என்பது அதன் பெயர். ஆயின் அப்பகுதி மக்கள் அதனைக் கத்பர்ட்டின் வாத்து என்றே அன்புடன் வழங்கி வருகின்றனர். ஒரு நாட்டார் தம் காட்டுப் பறவையொன்றுக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டி, அவர் இறந்து 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயரை மறவாதிருப்பாராயின், அவர் எத்தகையவராய் இருந்திருத்தல் வேண்டும்? அப்பெரியாரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமை

கத்பர்ட் ஏறக்குறைய கி.பி. 635-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அக்காலத்தில் இங்கிலாந்து ஒரு நாடாய் இருக்கவில்லை. பல சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் பொருது கொண்டிருந்தனர். வடபாலிருந்த அரசு நார்தம்பிரியா எனப்பட்டது. கத்பர்ட் பிறந்த காலத்திலேதான், அயோனாத் தீவினின்று வந்த எய்டன் என்னும் துறவி, அந்நாட்டரசரின் உதவியால் லிண்டிஸ்பார்ன் தீவில் ஒரு மடம் நிறுவிக் கிறிஸ்து சமயத்தைப் பரப்பத் தொடங்கினார்.

கத்பர்ட்டின் வரலாற்றை முதலில் எழுதியவர் லிண்டிஸ்பார்ன் மடத்துத் துறவி ஒருவர். அவர் தம் பெயரைக் கூறாது விடுத்தார். பின்னர் 721-ஆம் ஆண்டையொட்டி, ஜாரோ மடத்துப் பேரறிஞராகிய பீட் அதனை விரித்து எழுதினார். கத்பர்ட் இறந்தபோது பீட் ஏறக்குறைய 14 வயதுச் சிறுவர். ஆகவே கத்பர்ட்டை நேரிற் கண்டு பழகியோர் பலரை உசாவி எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அற்புதச் செயல்கள் பல அந்நூல்களில் விரவி வருகின்றன. அவற்றை நம்புவோரும் நம்பாதோரும் இருக்கலாம். ஆயின் அவற்றினூடே ஒரு மனிதரின் இயல்பு தெள்ளிதிற் புலனாகின்றது என்பதை ஒருவரும் மறுக்கவியலாது.

சிறுவராய் இருந்தபோது ஓட்டம், தாண்டல், மற்போர் முதலிய விளையாட்டுக்களிற் கத்பர்ட் வல்லவராய்த் திகழ்ந்தார். பிறரெல்லாம் களைத்து ஓய்ந்தபின்னும் தாம் மட்டும் களையாது நின்று, இன்னும் ஆட வருவார் உளரோ என்று வினவுவாராம். 651-ஆம் ஆண்டில், மலைச்சாரலில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்தபோது, தோழர்கள் உறங்க அவர் மட்டும் விழித்திருந்து வேண்டுதல் செய்தார். அவ்விரவில் வானத்தினின்று பேரொளி இறங்கி, ஓர் ஆன்மாவை ஏந்திச் செல்வதைக் கண்டார். எய்டன் முனிவர் அவ்விரவிலேயே காலஞ்சென்றார் என்ற செய்தி பின்னர் எட்டியது. அதுவே அவரைத் துறவுக்கு அழைத்த அழைப்பாயிற்று. குதிரையேறி, கையில் வேலுடன் மெல்ரோஸ் மடத்து வாயிலை அடைந்த அவ்விளைஞரை, போய்சில் என்னும் தலைமைத் துறவி முதற்பார்வையிலேயே இனங்கண்டு ஏற்றுக் கொண்டார்.

விருந்து

சில ஆண்டுகளுக்குப் பின் ரிப்பன் என்னுமிடத்தில் எழுந்த புதுமடத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே வருவோரை வரவேற்று உபசரிப்பதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி. பனி கொட்டிய ஒரு காலையில் ஓர் இளைஞர் வந்திருப்பதைக் கண்ட கத்பர்ட், அவர்தம் கால்களைக் கழுவித் துடைத்து, குளிரால் விறைத்தமையாற் தம் கைகளால் தேய்த்துச் சூடேற்றினார். உண்டு போகுமாறு வற்புறுத்தினார். அப்பம் கொணர உள்ளே சென்று திரும்புகையில் விருந்தினரைக் காணோம். வெளியே படிந்திருந்த பனியில் அடிச்சுவடும் இல்லை. வந்தவர் ஒரு தேவதூதரே என்று அவர் உணர்ந்தார் என்பர். விருந்து என்னும் நம் சொல் முதலிற் புதுமையைக் குறித்து, பின் புதிதாய் வந்தோரைக் குறித்ததென்பது தமிழ் கற்றார் அறிந்ததே. வருபவர் யாவரெனத் தெரியாமலேயே அவருக்கு இடமளிப்பதே விருந்தோம்பலின் உயிர். கத்பர்ட் இப்பாடத்தை இளமையிலேயே கற்றார், இறக்குமளவும் மறந்திலர்.

ஈஸ்டர் திருநாளைக் கணிக்கும் முறை பற்றி எழுந்த பூசலால், அவரும் அவர் தலைவர் ஈட்டாவும் ரிப்பனை விட்டு மெல்ரோசுக்கு மீண்டனர். கொள்ளை நோய் நாடெங்கும் பரவிற்று. கத்பர்ட் நோயுற்றுப் பிழைத்தார். அவர்தம் ஆசிரியர் போய்சில் உயிர் துறந்தார். ஆசிரியரின் இடத்தைப் பெற்ற கத்பர்ட், பிறர் செல்ல அஞ்சும் மலைச்சிற்றூர்களை நாடிச் சென்று, ஒரு வாரம், இரு வாரம், சில வேளைகளில் ஒரு திங்கள் வரையிலும் ஏழை மக்களோடு தங்கிப் போதித்து வந்தார்.

அத்தகைய பயணம் ஒன்றில் நிகழ்ந்த நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. உடன் ஒரு சிறுவன் வந்தான்; கையில் உணவில்லை. டெவியட் ஆற்றங்கரையில் ஒரு கழுகு பெரியதொரு மீனைப் பற்றிக் கரையில் இறங்கிற்று. சிறுவன் ஓடிச்சென்று மீனைக் கைப்பற்றி மகிழ்ச்சியோடு வந்தான். மீன்பிடித்த கழுகுக்கு அதன் பங்கை ஏன் விடவில்லை என்று கத்பர்ட் அவனைக் கடிந்தார். பின்னர் மீனை இரண்டாக அரிந்து, ஒரு பாதியைக் கழுகுக்கே திருப்பியளிக்கச் செய்து, மறுபாதியை அண்மையிலிருந்த குடிசையாரோடு பகிர்ந்து உண்டனர். பசித்த நேரத்தில் ஒரு பறவையின் உரிமையை நினைத்த நெஞ்சம் அது.

கோல்டிங்காம் என்னுமிடத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. இரவில் அவர் தனியே வெளியேறுவதைக் கண்ட ஒரு துறவி, மறைந்திருந்து பின்தொடர்ந்தார். கத்பர்ட் கழுத்தளவு கடல்நீரில் நின்று இரவு முழுவதும் இறைவனைப் போற்றினார். விடியலிற் கரையேறி மணலில் முழந்தாட்படியிட்டபோது, இரண்டு நீர்நாய்கள் வந்து அவர் பாதங்களை மூச்சால் வெதுப்பி, தம் மயிரால் துடைத்துவிட்டு மீண்டும் நீருட் சென்றன என்று பீட் எழுதுகிறார். பிறர் கால்களைக் கழுவியவரின் கால்களைக் கடல்வாழ் உயிர்கள் துடைத்தன.

தனிமையை நாடல்

664-ஆம் ஆண்டு விட்பியிற் கூடிய பேரவை உரோம முறையையே கைக்கொள்ள வேண்டுமென முடிவு செய்தது. அதன் பின்னர் லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சீர்செய்யும் பொறுப்புக் கத்பர்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய வழக்கங்களில் ஊறிய துறவிகள் அவரைக் கடுஞ்சொற்களால் எதிர்த்தனர். அவர் சினவாது எழுந்து அவையைக் கலைத்துச் சென்று, மறுநாள் ஒன்றும் நிகழாதது போல வந்து அதே அறிவுரையை மீண்டும் கூறுவார். இங்ஙனம் பல ஆண்டுகள் உழைத்து அவர்களைத் தம்வயப்படுத்தினார்.

ஆயினும் அவர் உள்ளம் தனிமையையே நாடிற்று. 676-ஆம் ஆண்டில், மடத்தாரின் இசைவு பெற்று, தெற்கே சில மைல் தொலைவிலிருந்த பார்ன் தீவுக்குப் படகேறினார். லிண்டிஸ்பார்ன் நாள்தோறும் இருமுறை நீர் வற்றுங்கால் கரையோடு இணையும். பார்ன் தீவோ எந்நேரமும் ஆழ்கடலாற் சூழப்பட்டது. மக்கள் அங்குக் குடியிருக்க அஞ்சினர். பேய்கள் உறையும் தீவென்றனர். மனிதர் இல்லா அவ்விடத்திற் பறவைகளே உரிமையாளராய் வாழ்ந்தன. அவற்றினிடையே கத்பர்ட் விருந்தினராகவே சென்று இறங்கினார் எனல் வேண்டும்.

அங்கே உளி தீண்டாத கற்களாலும் புற்கரணைகளாலும் ஏறக்குறைய வட்டமாக ஒரு சுவர் எழுப்பினார். வெளியே அஃது ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்டது. உள்ளே பாறையை வெட்டித் தாழ்த்தியமையால் மிக உயர்ந்து நின்றது. உள்ளிருப்போருக்கு வானமன்றி வேறொன்றும் தோன்றாது. கண்கள் அலையாதிருந்தால் எண்ணமும் அலையாது என்பது அவர் கருத்து. உட்புறத்தில் வழிபடுவதற்கு ஒன்றும் வாழ்வதற்கு ஒன்றுமாக இரண்டே அறைகள். ஆனால் இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தனிமைக்கென்று உலகைத் துறந்து வந்த அம்முனிவர், படகுத்துறையருகே மற்றொரு வீடும் கட்டினார். அது தம் குடிலைவிடப் பெரியது. தம்மைக் காண வருவோர் தங்குதற்கென அமைந்தது. அதனருகே ஒரு நீரூற்றும் இருந்தது. உலகத்துக்குச் சுவரெழுப்பியவர் விருந்தினருக்கு வாயில் வைக்க மறந்திலர்.

படகுகள் வரலாயின. முதலில் மடத்துச் சகோதரர்கள் வந்தனர். அவர் வெளியே வந்து வெந்நீரால் அவர்கள் கால்களைக் கழுவினார். பின்னர் நாட்டின் பல பகுதிகளினின்றும் துயருற்றோர் அவர் புகழைக் கேட்டுப் படகேறி வந்தனர். தம் பாவங்களைச் சொல்லி அழுதோரும், தாங்கொணாத துன்பத்துக்கு ஆறுதல் நாடினோரும் பலர். வந்தோரில் ஆறுதல் பெறாது மீண்டவர் எவருமில்லை என்று பீட் எழுதுகிறார். காலஞ் செல்லச் செல்லக் கத்பர்ட் வெளியே வருவதைக் குறைத்துச் சாளரத்தின் வழியே பேசினார். பின்னர் அச்சாளரத்தையும் அடைத்து, ஆசி வழங்குதல் முதலிய தேவைகளுக்கு மட்டுமே திறந்தார். தனித்திருக்க விழையும் உள்ளத்துக்கும் பிறர் துயர் பொறாத உள்ளத்துக்கும் இடையே அவரிடம் நிகழ்ந்த போராட்டத்தை அச்சாளரமே நன்கு காட்டுகிறது.

புள்ளும் முனிவரும்

பிறர் தரும் உணவை உண்டு வாழ விரும்பாத அவர், கருவிகளும் கோதுமை விதையும் வருவித்துத் தம் கையாலேயே உழுது விதைத்தார். நடுக்கோடை வந்தும் ஒரு முளையும் எழவில்லை. பின் வாற்கோதுமை விதைத்தார். பருவந் தப்பி விதைத்தும் அது செழித்து வளர்ந்தது. உடனே பறவைகள் திரண்டு வந்து கதிர்களைக் கொத்தலாயின. கத்பர்ட் கல்லெறிந்தாரல்லர்; கண்ணி வைத்தாரல்லர். தாம் விதையாததை அவை ஏன் எடுக்கின்றன என்றும், அவற்றின் தேவை தம் தேவையினும் பெரிதாயின், இறைவன் இசைவு தந்திருப்பின், எடுத்துக் கொள்ளலாம் என்றும், இன்றேல் விலகுமாறும் அவற்றிடம் கூறினார். அவை பறந்து சென்றன, மீண்டு வரவில்லை. இவ்வரலாற்றில் வியக்கத்தக்கது பறவைகள் கீழ்ப்படிந்தது மட்டுமன்று. தம் பயிரைத் தின்னும் பறவைக்குத் தம்மினும் மிக்க உரிமை இருக்கலாகும் என்று அவர் எண்ணிப் பார்த்ததே பெரிதும் வியக்கத்தக்கது.

விருந்தினர் விடுதியின் கூரை வைக்கோலை இரண்டு அண்டங்காக்கைகள் பிய்த்துக் கூடு கட்டின. முனிவர் கையை அசைத்து விலக்கியும் அவை கேட்கவில்லை. பின்னர்க் கடிந்துரைத்து அவற்றைத் தீவினின்றே போக்கினார். மூன்று நாட்கள் கழித்து ஒரு காக்கை வந்து, சிறகுகளைத் தாழ விரித்து, தலை கவிழ்த்து, மன்னிப்பு வேண்டுவது போல அவர் முன் நின்றது. திரும்பி வர இசைவு பெற்றுத் துணையோடு மீண்டபோது, பன்றிக்கொழுப்புத் துண்டொன்றைக் காணிக்கையாகக் கொணர்ந்ததாம். அக்கொழுப்பை அவர் விருந்தினர்க்கு அளித்து, அவர்கள் தங்கள் மிதியடிகளுக்குத் தடவிக் கொள்ளச் செய்தார். காக்கையும் விருந்தோம்பலிற் பங்கு கொண்டது.

கத்பர்ட்டின் பறவையன்பைக் குறித்து இந்நாளில் வழங்கும் செய்தியொன்றை ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும். புள்ளினத்தைக் காக்க உலகில் முதன்முதற் சட்டம் வகுத்தவர் இவரே என்று பலரும் எழுதுகின்றனர். பீட் எழுதிய வரலாற்றில் அத்தகைய சட்டம் ஒன்றும் காணப்படவில்லை. அன்றியும், தம்மைக் காண வந்த சகோதரர்களிடம் சுவரில் தொங்கிய ஒரு பெருவாத்தைச் சமைத்து உண்டுவிட்டுப் படகேறுமாறு அவர் கூறியதாகவும், அவர்கள் அதனை மறந்தமையாற் கடல் கொந்தளித்து ஏழு நாட்கள் அவர்களைத் தடுத்ததாகவும் பீட் ஒரு கதை சொல்கிறார். ஈடர் வாத்துக்கு முனிவர் அடைக்கலம் தந்தார் என்னும் செய்தி 12-ஆம் நூற்றாண்டில் டர்ஹாம் மடத்து ரெஜினால்ட் என்னும் துறவி எழுதிய நூலில் வருகிறது. அக்காலத்திலேயே அவ்வாத்துக்கள் அத்தீவில் மனிதரைக் கண்டு அஞ்சாது கூடுகட்டி வாழ்ந்தன. அவற்றுக்குத் தீங்கிழைத்தல் முனிவருக்கே இழைக்கும் தீங்கென மக்கள் கருதினர். சட்டம் எழுதியவர் யாரெனினும், ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையே பின்வந்தோர் நெஞ்சிற் சட்டமாயிற்று என்பது ஐயமற்றது.

மயில் குளிரால் நடுங்கியதெனக் கருதித் தன் போர்வையை ஈந்த பேகனை நாம் அறிவோம். ஈடர் வாத்தோ தன் மார்பின் மென்தூவியைத் தானே பறித்து முட்டைகளுக்குப் போர்வையாக்கும். உணவையும் பெரும்பாலும் மறந்து ஏறக்குறைய 25 நாட்கள் அடைகாக்கும். அத்தூவியைக் கொண்டு மனிதர் மெத்தையும் போர்வையும் செய்கின்றனர். மனிதர்க்குப் போர்வை தரும் அப்புள்ளுக்கு இம்முனிவரின் பெயரே போர்வையாயிற்று.

அரசனின் படகு

684-ஆம் ஆண்டில் தியோடர் பேரத்தியட்சர் தலைமையில் டுவைபோர்டு என்னுமிடத்திற் கூடிய சபை, கத்பர்ட்டை அத்தியட்சராகத் தெரிந்தெடுத்தது. கடிதங்களும் தூதுவரும் பலமுறை சென்றும் அவர் தீவை விட்டு அசைந்திலர். இறுதியில் நார்தம்பிரியா அரசனாகிய எக்பிரித் தானே படகேறிப் பார்ன் தீவுக்கு வந்தான். அவனோடு அத்தியட்சர் ட்ரம்வைனும் பெருமக்கள் பலரும் வந்தனர். லிண்டிஸ்பார்ன் சகோதரரும் வந்து கூடினர். அரசன் முதலிய அனைவரும் முழந்தாட்படியிட்டுக் கண்ணீருகுத்து, இறைவன் பெயரால் வேண்டினர். முனிவரும் கண்ணீர் மல்கத் தம் குடிலை விட்டு வெளியே வந்தார்.

தாம் தேடிப் பெற்ற அமைதியைத் துறப்பது, உலகைத் துறந்ததினும் அவருக்கு அரிதாய் இருந்தது. எனினும் வந்த படகைத் திருப்பியனுப்ப அவரால் இயலவில்லை. 685-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், ஈஸ்டர் திருநாளன்று, யார்க்கு நகரில் அவர் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். முதலிற் குறிக்கப்பட்ட ஹெக்சாம் ஈட்டாவுக்குச் செல்ல, லிண்டிஸ்பார்ன் கத்பர்ட்டின் பொறுப்பாயிற்று. அவ்வாண்டு மே 20-ஆம் நாள், அறிவுரையை மீறிப் பிக்டுகளின் மேற் படையெடுத்த எக்பிரித் போர்க்களத்தில் மாண்டான். கலங்கிய நாட்டில் இரண்டாண்டுகளுக்கும் குறைந்த காலம் கத்பர்ட் ஊர் ஊராய்ச் சென்று, நோயுற்றோரையும் வறியோரையும் தேற்றினார்.

இறுதி நாட்கள்

தம் முடிவு அணுகுவதை உணர்ந்து, 686-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குப் பின் அவர் மீண்டும் பார்ன் தீவுக்குப் படகேறினார். இரண்டு திங்கள்களுக்குப் பின் நோயுற்றார். ஹெரெபிரித் என்னும் மடத்துத் தலைவர் அவரைக் கண்டு, அவர் சொற்படியே தனியே விடுத்துச் சென்றார். புயல் எழுந்தது, ஐந்து நாட்கள் எப்படகும் தீவை அணுகக்கூடவில்லை. புயல் தணிந்தபின் ஓடிவந்த ஹெரெபிரித், முனிவரை அவர்தம் குடிலிற் காணவில்லை. கால் புண்பட்டு நடக்க மாட்டாத நிலையிலும் அவர் விருந்தினர் விடுதிக்கு வந்து அமர்ந்திருந்தார். தம்மைக் காண வருவோர் குடில் வரை ஏறிவந்து துன்புறலாகாது என்பதே அதன் காரணம். அவ்வைந்து நாட்களில் அவர் உணவாகக் கொண்டது என்னவென்று வினவ, விரிப்பின் அடியிலிருந்த ஐந்து வெங்காயங்களைக் காட்டினார். அவற்றுள் ஒன்றிற் பாதிக்கும் குறைவாகவே கடிக்கப்பட்டிருந்தது.

தீவிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டுமென அவர் விரும்பினார். சகோதரர் மன்றாடியமையால் லிண்டிஸ்பார்னுக்கு இசைந்தார். 687-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஒரு சகோதரர் இரண்டு தீவட்டிகளை ஏற்றி உயர்ந்ததோரிடத்தில் நின்று காட்டினார். கடலுக்கு அப்பால் லிண்டிஸ்பார்னிற் காவல் காத்திருந்த சகோதரர் அவ்வொளியைக் கண்டு, ஆலயத்தில் வழிபட்டுக் கொண்டிருந்தோரிடம் விரைந்தோடினார்.

பின்னர்

698-ஆம் ஆண்டிற் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்தது என்று கூறுவர். 793-ஆம் ஆண்டில் வைக்கிங் கொள்ளையர் லிண்டிஸ்பார்னைச் சூறையாடினர். 875-ஆம் ஆண்டில் துறவிகள் அவரது பேழையைத் தோளிற் சுமந்து அத்தீவை விட்டகன்று, பல்லாண்டுகள் அலைந்தனர். 995-ஆம் ஆண்டில் அது டர்ஹாமை அடைந்தது. அப்பேழையினுள் இருந்த சிறிய யோவான் சுவிசேஷ ஏட்டினைப் பிரிட்டிஷ் நூலகம் 2012-ஆம் ஆண்டில் 90 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கியது.

பறவைகளின் நிலை என்னாயிற்று? 19-ஆம் நூற்றாண்டில் இரயில் வண்டியும் நீராவிக் கப்பலும் வந்தபின், கடற்கரைக்கு விடுமுறை கழிக்க வந்தோர் படகேறிச் சென்றது புட்களைக் காண்பதற்கன்று, சுட்டு வீழ்த்துவதற்கே. யார்க்ஷயர்க் கரையில் பிளாம்பரோ முனையையொட்டி இக்கொடுமை மிக்கது. கூட்டில் குஞ்சுகள் பசியால் மடிய, தாய்ப்பறவைகள் விளையாட்டுக்காகவும், பெண்டிரின் தொப்பிகளுக்குச் சிறகு வேண்டியும் கொல்லப்பட்டன. இதனைக் கண்டு பொறாத சிலர், அவருள்ளும் சமயகுருமார் சிலர், முயன்றதன் பயனாக 1869-ஆம் ஆண்டிற் கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் பிறந்தது. பார்ன் தீவுகள் 1925-ஆம் ஆண்டு முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தின் காவலில் உள்ளன.

2022-ஆம் ஆண்டிற் பறவைக் காய்ச்சல் அத்தீவுகளைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. காவலர்கள் உடல் முழுதும் மூடிய ஆடை தரித்து அவற்றின் உடல்களைப் பொறுக்கியெடுத்தனர். படகுகள் தீவுகளைச் சுற்றி வந்தனவேயன்றி, 2023-ஆம் ஆண்டு முழுவதும் ஒருவரும் இறங்க விடப்படவில்லை. 2024-ஆம் ஆண்டில், கத்பர்ட் வாழ்ந்து இறந்த இன்னர் பார்ன் தீவில் மீண்டும் மக்கள் இறங்கலாயினர். முனிவர் தம் சாளரத்தை அடைத்துத் திறந்தது போல, தீவும் தன் வாயிலை அடைத்துத் திறந்தது.

முடிவுரை

மாணவத் தோழர்காள்! கத்பர்ட்டின் வாழ்வில் மும்முறை படகுகள் வருகின்றன. துயருற்றோரின் படகு வந்தபோது அவர் அவர்களின் கால்களைக் கழுவினார். அரசனின் படகு வந்தபோது தம் அமைதியை ஈந்தார். இறுதிப் படகு வந்தபோது, வருவோர் நடக்கும் சில அடிகளையும் குறைக்கத் தாம் புண்பட்ட காலோடு நடந்து வந்தார். இத்தகைய விருந்தோம்பலை அவர் எங்கே பயின்றார் என வினவின், தாமும் இவ்வுலகில் ஒரு விருந்தினரே என்று உணர்ந்ததிலேதான் எனலாம். கழுகின் ஆற்றிலும் ஆலாவின் தீவிலும் தாம் உடைமையாளரல்லர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் மீனிற் பாதியைக் கழுகுக்கு விட்டார். கதிரைக் கொத்தும் பறவையிடமும் வழக்குரைத்து இணங்குவித்தார்.

நாமும் விடுமுறையிற் கடலையும் ஏரியையும் காட்டையும் காணச் செல்கின்றோம். அங்கே நாம் செல்வது பிறிதோர் உயிரின் இல்லத்துக்கு. விருந்தினராய்ச் செல்வோர்க்கு உரிய அடக்கம் நமக்கு வேண்டும். உரத்த குரலும், எறியும் கல்லும், விட்டெறியும் குப்பையும் விருந்தினர்க்கு அழகல்ல. அடைகாக்கும் ஈடர் வாத்து, தன்னருகே நூற்றுக்கணக்கானோர் நடந்து சென்றும் எழாதிருக்கிறது. நம்மைக் கண்டும் ஒரு பறவை அஞ்சி எழாதிருக்குமாயின், அதுவே நாம் பெறத்தக்க நற்சான்று.